சண்டை சரியாக வரவில்லையா? ஹவுஸ் ரூல் எழுதும் முன் இதைப் பாருங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) மாதிரிப் பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டில், ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, கதையையும் எதிரிகளையும் நடத்தும் ஜி.எம்.முக்குக் (கேம் மாஸ்டர்) கை அரிக்க ஆரம்பிக்கும். மூன்று வாரமாகப் பார்த்துப் பார்த்துத் தயாரித்த வில்லன் இரண்டே சுற்றில் செத்துப்போயிருப்பான். உடனே நோட்டை எடுத்து, “இனிமேல் அந்த மந்திரத்துக்குப் பாதி டேமேஜ்தான்” என்று எழுதிவிட்டுத் தூங்கப் போவோம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் என் நோட்டில் இப்படி நாமே சேர்க்கும் விதிகள், அதாவது ஹவுஸ் ரூல்கள், 23 இருந்தன. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, “நாம் எந்த கேம் ஆடுகிறோம்?” என்று கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

ஹவுஸ் ரூலே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது, சண்டைக்கு 1971இல் வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டின் விதிகளை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கூடவே, இருபது முகப் பகடையை உருட்டும் ஒரு மாற்று முறையையும் கொடுத்தார்கள். இன்று நாம் ஆடுவது அந்த மாற்று முறையின் வாரிசைத்தான். விதியை மாற்றுவது இந்த ஆட்டத்தின் ரத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் சண்டை குலைவதற்குக் காரணம் பல சமயம் விதி இல்லை. எந்தப் பக்கம் எத்தனை தடவை அடிக்கிறது, ஓய்வுக்கு ஓய்வு எத்தனை சண்டை வருகிறது, எதிரி எப்படி நடந்துகொள்கிறான் என்ற மூன்றில் ஏதோ ஒன்று சரியில்லாமல் இருக்கும். அதைப் பார்க்காமல் விதியில் கைவைத்தால் புது வியாதிதான் வரும்.

கீழே உள்ள எண்கள் பெரும்பாலும் டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகங்களைச் சேர்ந்தவை. 2024 திருத்தப் பதிப்பில் மாறியவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில்

ஒரு தடவை நடந்ததா, மூன்று தடவை நடந்ததா? ராத்திரி முழுக்க ஒருவருக்கே 17க்கு மேல் விழுந்துகொண்டிருக்கும் நாளும் உண்டு. அதற்கெல்லாம் விதி எழுத முடியாது.

அடுத்து, புத்தகத்தில் இருக்கும் விதியைத்தான் ஆடுகிறோமா? “அந்தப் பாத்திரம் ரொம்ப ஓவர்” என்று என்னிடம் வந்த புகார்களில் நிறைய இந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டன. வழக்கமாக மறந்துபோகிறவை இவை. கான்சன்ட்ரேஷன், அதாவது தொடர்ந்து கவனம், தேவைப்படும் மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்கலாம். அடி வாங்கும் ஒவ்வொரு தடவையும் 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, இதில் எது பெரியதோ அதைப் பகடை உருட்டி எட்ட வேண்டும்; எட்டாவிட்டால் மந்திரம் போய்விடும். ஒருவருக்கு ஒரு முறை (டர்ன்) வந்து அடுத்த முறை வருவதற்குள், பிறர் செயலுக்கு உடனடிப் பதிலடியாக ஒரு ரியாக்‌ஷன்தான். ரோக் என்ற திருடன் வகைப் பாத்திரத்தின் ஸ்னீக் அட்டாக் (சமயம் பார்த்துப் போடும் கூடுதல் அடி) ஒரு டர்னுக்கு ஒரு தடவைதான், அதுவும் ஃபினெஸ் (லாவகமான) ஆயுதமோ தூர ஆயுதமோ கையில் இருந்தால்தான். போனஸ் ஆக்‌ஷனில் (டர்னில் கிடைக்கும் கூடுதல் சிறு செயல்) ஒரு மந்திரம் போட்டால், அதே டர்னில் ஆக்‌ஷனுக்குப் போடக்கூடியது கான்ட்ரிப் (செலவில்லாத சிறு மந்திரம்) மட்டும். இந்தக் கடைசி விதியை 2024இல் எளிமையாக்கி, ஒரு டர்னில் ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போட வைத்திருக்கும் இருப்பு) செலவழித்து ஒரே மந்திரம் என்று வைத்துவிட்டார்கள்.

எங்கள் விசார்ட் (மந்திரவாதி) எட்டு மாதம் இரண்டு கான்சன்ட்ரேஷன் மந்திரங்களை ஒன்றாக ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவரைச் சமாளிக்க நான் எழுதிய ஹவுஸ் ரூல்கள் மட்டும் நான்கு!

மூன்றாவதாக, புகார் யாருடையது? ஆடுகிறவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய், வருத்தப்படுவது ஜி.எம். ஒருவர் மட்டும் என்றால், நோட்டை மூடி வைக்கலாம்.

அறிகுறி: பெரிய வில்லன் இரண்டு சுற்றில் காலி

எல்லோருக்கும் முதலில் வரும் வியாதி இதுதான். காரணமும் அநேகமாக ஒன்றே. வில்லன் தனியாக நிற்கிறான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றாம் லெவலில் ஐந்து பேர், ஆளுக்கு ஏ.சி. 16 (அடி பட வேண்டுமென்றால் எதிரியின் பகடை எட்ட வேண்டிய எண்). எதிரே ஓகர் என்ற முரட்டு அரக்கன் ஒருவன். 59 ஹெச்.பி. (உயிர்ப் புள்ளி), ஏ.சி. 11, அடித்தால் சராசரி 13 டேமேஜ். அவன் இருபது முகப் பகடையோடு கூட்டும் +6ஐ வைத்துப் பார்த்தால், 16ஐ எட்ட 55 சதவீத வாய்ப்பு. ஆக, சுற்றுக்குச் சராசரி 7 டேமேஜ் போடுவான். நம் ஐந்து பேர் +5 வைத்து ஆளுக்கு 8 டேமேஜ் போடுகிறார்கள் என்றால், ஏ.சி. 11க்கு எதிராக 75 சதவீதம் படும்; சுற்றுக்கு 30. இரண்டு சுற்றில் ஓகர் படுத்துவிடுவான். அதற்குள் அவன் நமக்குப் போட்டது வெறும் 14.

அதே அனுபவப் புள்ளிகளுக்கு, அதாவது 450 எக்ஸ்.பி.க்கு, ஒன்பது காப்ளின்களை (குட்டிப் பூதங்களை) இறக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 7 ஹெச்.பி., மொத்தம் 63. ஓகரின் 59க்குக் கிட்டத்தட்டச் சமம். ஏ.சி. 15. ஒரு காப்ளின் 16ஐ எட்டுவது 45 சதவீதம்தான், பட்டால் ஐந்து சொச்சம். பார்த்தால் பொடிப் பயல்கள். ஆனால் ஒன்பதும் ஒன்றாக அடித்தால் முதல் சுற்றில் சராசரி 22. ஓகரைப் போல மூன்று மடங்கு! அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. ஆக்‌ஷன் எகானமி என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

2014 ஜி.எம். கையேட்டுக்கும் இது தெரியும். எதிரிகள் 7 முதல் 10 வரை இருந்தால் எக்ஸ்.பி.யை 2.5ஆல் பெருக்கிப் பார் என்கிறது. அப்படிப் பெருக்கினால் 1,125. ஐந்து மூன்றாம் லெவல்காரர்களுக்கு ‘ஹார்ட்’ என்ற எல்லை சரியாக அந்த எண்ணில்தான் தொடங்குகிறது. தனி ஓகரோ 450, அது ‘ஈஸி’. (2024 கையேட்டில் இந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாளின் ஓரத்தில் இன்னும் பெருக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.)

ஆகவே மருந்து இந்த வரிசையில்:

முதலில் துணைக்கு ஆள் சேருங்கள். ஓகரோடு நான்கு காப்ளின் வந்தாலே சண்டையின் முகம் மாறிவிடும். நம் ஐந்து பேரில் இரண்டு பேராவது அவற்றைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது இடம். வில்லனை வெட்டவெளியில் பத்தடி தூரத்தில் நிறுத்திவிட்டு அவன் சீக்கிரம் செத்தான் என்று புலம்புவதில் நியாயமில்லை. மேல்மாடம், அறுந்த பாலம், நடுவில் எரியும் கிடங்கு என்று ஏதாவது ஒன்று அவனுக்கு ஒரு சுற்றையாவது வாங்கித் தரும்.

அப்புறம் லெஜண்டரி ஆக்‌ஷன். பெரிய மான்ஸ்டர்களுக்கு வழக்கமாகச் சுற்றுக்கு மூன்று இருக்கும். மற்றவர்களின் டர்ன் முடிகிற இடத்தில் நுழைந்து ஒன்று செய்துவிட்டுப் போகும். புத்தகத்தில் இல்லாத மான்ஸ்டருக்கும் ஒன்றோ இரண்டோ கொடுத்துவிடுங்கள். ஒரே மந்திரத்தில் வில்லன் உறைந்துபோவதுதான் பிரச்சினை என்றால், நாளைக்கு மூன்று தடவை தோல்வியை வெற்றியாக்கும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் அதற்கென்றே இருக்கிறது.

ஹெச்.பி.யை இரட்டிப்பாக்குவது கடைசி வழி. அதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், எனக்கும் தோன்றியது. அதில் வில்லன் பலசாலி ஆவதில்லை. சாக நேரமாகிறது, அவ்வளவுதான். சுற்றுக்கு 7 டேமேஜ் போடுகிறவன் இரண்டு சுற்றுக்குப் பதில் நான்கு சுற்று நின்று 28 போடுவான். அதை ஐந்து பேர் பங்கு போட்டால் யாருக்கும் வலிக்காது. கொஞ்சம் மட்டும் கூட்ட வேண்டுமென்றால் அதற்கு ஹவுஸ் ரூலே தேவையில்லை. ஓகரின் 59 என்பது ஏழு பத்து முகப் பகடையோடு 21 சேர்த்த சராசரி. பகடை எல்லாம் உச்சத்தில் விழுந்தால் 91. விதிக்கு உள்ளேயே அவ்வளவு இடம் இருக்கிறது.

அறிகுறி: மந்திரக்காரர்கள் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள், ஃபைட்டர் வேடிக்கை பார்க்கிறார்

இங்கே முதலில் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் ஆட்டத்தில் ஒரு நீண்ட ஓய்வுக்கும் (எட்டு மணி நேரம் தூங்கிச் சக்தியெல்லாம் திரும்பப் பெறுவது) அடுத்த நீண்ட ஓய்வுக்கும் நடுவில் எத்தனை சண்டை வருகிறது?

ஒன்று அல்லது இரண்டு என்றால் காரணம் கிடைத்துவிட்டது. 2014 கையேடு ஒரு சாகச நாள் என்று நினைப்பது நடுத்தர, கடினச் சண்டைகள் ஆறிலிருந்து எட்டு. வகுப்புகளின் (விசார்ட், ஃபைட்டர் மாதிரிப் பாத்திர வகைகளின்) சமநிலை அந்த நீளத்தை வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஐந்தாம் லெவல் விசார்டிடம் முதல் நிலையில் 4, இரண்டாம் நிலையில் 3, மூன்றாம் நிலையில் 2 என்று ஒன்பது ஸ்லாட். மூன்றாம் நிலை மந்திரமான ஃபயர்பாலுக்கு (நெருப்புப் பந்து) எட்டு ஆறு முகப் பகடை, சராசரி 28, வட்டத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும். நாளைக்கு ஒரே சண்டை, அதுவும் நான்கு சுற்று என்றால், இரண்டு ஃபயர்பாலையும் போட்டுவிட்டு மிச்சத்தில் பாதியை மீதம் வைத்துக்கொண்டே தூங்கப் போவார். சேமிக்க வேண்டிய கவலையே இல்லாதவரிடம் சிக்கனத்தை எதிர்பார்க்க முடியாது. ஃபைட்டரின் வாளுக்கு ஸ்லாட் கிடையாது, எட்டாவது சண்டையிலும் முதல் சண்டை மாதிரியே வெட்டும். அந்த எட்டாவது சண்டை வந்தால்தானே தெரியும்?

“வார்லாக் சப்பை” என்ற புகாரும் இதே வீட்டுப் பிள்ளைதான். வார்லாக்கும் ஒரு வகை மந்திரக்காரர்தான்; ஐந்தாம் லெவலில் அவருக்கு இரண்டே ஸ்லாட், ஆனால் ஒரு மணி நேரக் குறு ஓய்விலேயே திரும்பிவிடும். குறு ஓய்வே எடுக்காத மேசையில் அவர் விசார்டுக்குப் பக்கத்தில் நின்றால் பாவமாகத்தான் இருக்கும். வகுப்பைத் திருத்தாதீர்கள், ஓய்வைத் திருத்துங்கள்.

எப்படி? ஒரு மாலையில் எட்டுச் சண்டை ஆட யாருக்கும் நேரமில்லை, வாஸ்தவம்தான். ஆட்ட நாளும் சாகச நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு சாகச நாளை மூன்று அமர்வுக்கு இழுங்கள். அமர்வு முடிந்தால் ஓய்வு என்ற பழக்கத்தைத்தான் விட வேண்டும், அதற்கு விதி எதுவும் தேவையில்லை. கதையில் அவசரம் இருந்தாலும் போதும். விடிவதற்குள் பிணைக்கைதியை மீட்க வேண்டும் என்றால் யாரும் எட்டு மணி நேரம் குறட்டை விட மாட்டார்கள்.

கதை மெதுவாக நகரும் வகை என்றால், கையேட்டிலேயே ‘கிரிட்டி ரியலிசம்’ என்று ஒரு மாற்று விதி இருக்கிறது. குறு ஓய்வு 8 மணி நேரம், நீண்ட ஓய்வு 7 நாள். நாங்கள் ஒரு வருடம் அப்படி ஆடினோம். நன்றாகவே போனது, ஒரே ஒரு இடத்தில் இடித்தது. மேஜ் ஆர்மர் மாதிரி 8 மணி நேரம் நிற்கும் மந்திரங்கள் முன்பு ஒரு நாளின் எல்லாச் சண்டைக்கும் காப்பாக இருந்தன. இப்போது நான்கு நாளில் பரவிக் கிடக்கும் சண்டைகளில் ஒன்றுக்குத்தான் உதவும். அவற்றின் நேரத்தையும் நீட்டிக் கொடுத்தோம். ஒரு விதியைத் தொட்டால் அது இன்னொன்றைத் தொடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது எங்கள் மேசையில் இருப்பது இன்னும் எளிது. நீண்ட ஓய்வின் பலன் பாதுகாப்பான ஊரில் மட்டும். காட்டில் தூங்கலாம், ஆனால் அது குறு ஓய்வுதான்.

அறிகுறி: விழுவதும் எழுவதுமாகவே இருக்கிறார்கள்

ஒருவர் 0 ஹெச்.பி.யில் விழுகிறார். கிளெரிக் (பூசாரி வகைப் பாத்திரம்) அறுபது அடி தூரத்திலிருந்து போனஸ் ஆக்‌ஷனில் ஹீலிங் வேர்ட் என்ற குணப்படுத்தும் மந்திரத்தைப் போடுகிறார். விழுந்தவர் 6 ஹெச்.பி.யோடு எழுந்து, முழு பலத்தோடு வெட்டுகிறார், மறுபடி விழுகிறார். ஒரே சண்டையில் ஒரே ஆள் நான்கு தடவை விழுந்து எழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையாகவே விதியின் வடிவத்திலிருந்து வரும் வியாதி இது. 1 ஹெச்.பி. இருப்பவரும் 50 இருப்பவரும் ஒரே மாதிரி அடிப்பார்கள். 0க்குக் கீழே எண் போவதும் இல்லை. ஆகவே விழும் முன் குணப்படுத்துவது வீண், விழுந்த பிறகு குணப்படுத்துவதே லாபம். ஆடுகிறவர்கள் தந்திரம் செய்யவில்லை, கணக்கு அங்கேதான் தள்ளுகிறது. 2024இல் ஹீலிங் வேர்டை ஒரு நான்கு முகப் பகடையிலிருந்து இரண்டாக்கினார்கள், கியூர் வூண்ட்ஸை ஒரு எட்டு முகப் பகடையிலிருந்து இரண்டாக்கினார்கள். விழும் முன்னே குணப்படுத்துவதற்குக் கொஞ்சம் அர்த்தம் வந்திருக்கிறது. பொம்மலாட்டம் முழுதாக நிற்கவில்லை.

விதி எழுதும் முன், எதிரிகளை யோசிக்க வையுங்கள். விழுந்தவர் எழுந்து எழுந்து வருவதை இரண்டு தடவை பார்த்த புத்தியுள்ள எதிரி மூன்றாவது தடவை என்ன செய்வான்? மயங்கிக் கிடப்பவரை ஐந்தடிக்குள் இருந்து அடித்துப் பட்டால் அது தானாகவே கிரிட்டிகல் (டேமேஜ் பகடை இரட்டிப்பாகும் அடி). கிரிட்டிகல் என்றால் இரண்டு டெத் சேவ் (சாகாமல் தப்பிக்க உருட்டும் பகடை) தோல்வி. மூன்று தோல்வியில் கதை முடிந்தது. இதை எல்லா மான்ஸ்டரும் செய்யக்கூடாது. பசித்த ஓநாய் விழுந்தவரை இழுத்துக்கொண்டு ஓடும், முட்டாள் ஸோம்பி அடுத்த ஆளைத் தேடும். கூலிப்படைத் தலைவன் மட்டும் குனிந்து கழுத்தைப் பார்ப்பான். முதல் தடவை அப்படிச் செய்யும் முன் ஆட்டக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாத்திரத்தைக் கொன்றதோடு நட்பும் போய்விடும்.

அதற்கும் அடங்காவிட்டால் ஹவுஸ் ரூல் எழுதலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. பரவலாக எல்லோரும் வைப்பது: 0க்கு விழுந்தால் ஒரு நிலை எக்ஸாஷன் (களைப்பு). நானும் வைத்தேன். அதில் ஒரு விஷம் இருக்கிறது. விழுகிறவர் பெரும்பாலும் முன்வரிசையில் நிற்பவர். 2014 விதியில் மூன்றாம் நிலை எக்ஸாஷன் வந்தால் அடிக்கும் பகடையிலேயே டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுப்பது). 2024இல் ஒவ்வொரு நிலைக்கும் இருபது முகப் பகடையில் 2 குறையும். பின்னால் நின்று மந்திரம் போடுகிறவர் கலகலப்பாக இருக்க, எல்லோருக்காகவும் அடி வாங்கியவர் நாள் போகப் போக நொண்டிக்கொண்டிருப்பார். பலவீனமானவர் சீக்கிரம் விழுவார், விழுந்தால் இன்னும் பலவீனம். கடைசியில் எங்கள் ஃபைட்டர் வில்லை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டார். நியாயமான முடிவு, மோசமான ஆட்டம். பிறகு, ஒரே சண்டையில் இரண்டாவது தடவை விழுந்தால் மட்டும் எக்ஸாஷன் என்று மாற்றினேன். அது நின்றது.

அறிகுறி: முடிவு தெரிந்த பிறகும் சண்டை இழுத்துக்கொண்டே போகிறது

வில்லன் செத்துவிட்டான். மூலையில் இரண்டு காப்ளின்கள் மட்டும் மிச்சம். அதற்கு இன்னும் இருபது நிமிடம் பகடை உருட்டுகிறோம். ஏன்?

ஓட விடுங்கள். 1981 பேசிக் பதிப்பில் ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் மன உறுதி எண் ஒன்று இருந்தது, 2 முதல் 12 வரை. கூட்டத்தில் முதல் ஆள் செத்தபோதும், பாதிப் பேர் விழுந்தபோதும் ஜி.எம். இரண்டு ஆறு முகப் பகடைகளை உருட்டுவார். அந்த எண்ணைத் தாண்டினால் அவை பின்வாங்கும் அல்லது சரணடையும். ஐந்தாம் பதிப்பின் கையேட்டிலும் இது விருப்ப விதியாக இருக்கிறது. 10ஐ எட்ட வேண்டிய ஒரு விஸ்டம் சேவ் (மனத்திடத்துக்கு உருட்டும் பகடை), அவ்வளவுதான். கடையில் வாங்கிய புத்தகத்திலேயே இருப்பதை ஏன் இத்தனை பேர் திறந்தே பார்ப்பதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஓடிப்போன காப்ளின் அடுத்த வாரம் ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பும்போது கதைக்கும் லாபம்.

முதல் சுற்றிலிருந்தே சண்டை நத்தை மாதிரி போகிறது என்றால் அது வேறு கதை. 2008இல் வந்த நான்காம் பதிப்பில் இது எண்ணிலேயே இருந்தது. மான்ஸ்டர்களுக்கு ஹெச்.பி. எக்கச்சக்கம், அடியோ மெத்தை மாதிரி. பல மேசைகளில் ஹெச்.பி.யைப் பாதியாக்கி ஆடினார்கள். 2010இல் வந்த மூன்றாவது மான்ஸ்டர் புத்தகத்தில் பதிப்பாளரே டேமேஜ் கணக்கை உயர்த்தினார். மேசைகளில் ஹவுஸ் ரூலாக ஓடியது தப்பில்லை என்று அச்சிலேயே நிரூபணமான அபூர்வ சந்தர்ப்பம் அது. உங்களுக்கும் அந்த வியாதிதான் என்றால் ஹெச்.பி.யைக் குறையுங்கள், அடியைக் கூட்டுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் சமநிலை ஒரு பக்கம் சாயும்.

இன்னொரு கைமருந்து 2013இல் வந்த 13த் ஏஜ் விளையாட்டிலிருந்து. மேசை நடுவில் ஒரு ஆறு முகப் பகடையை வைத்து, இரண்டாம் சுற்றில் 1, மூன்றாவதில் 2 என்று 6 வரை திருப்பிக்கொண்டே போவார்கள். ஆட்டக்காரர்கள் அடிக்கும்போது அந்த எண்ணைக் கூட்டிக்கொள்வார்கள். சண்டை நீள நீள அடி தவறாமல் பட ஆரம்பிக்கும். நன்றாகவே ஒட்டிக்கொள்ளும் விதி.

ஒருவர் தன் முறை வந்த பிறகுதான் மந்திரப் பட்டியலைப் புரட்ட ஆரம்பிக்கிறார் என்பது பிரச்சினையானால், அவரிடம் சொல்லுங்கள். அதற்கு எண் எதையும் மாற்ற வேண்டாம்.

அறிகுறி: 1 விழுந்தால் வாள் பறக்கிறது, 20 விழுந்தால் ஆளே பறக்கிறார்

இதைப் பெரும்பாலும் நாமே வரவழைத்திருப்போம். ஐந்தாம் பதிப்பில் 1 விழுந்தால் அடி தவறும், அதோடு சரி. வாள் நழுவுவது, தோழனின் காலில் வெட்டிக்கொள்வது எல்லாம் நாம் சேர்த்தது. சிரிப்பாகத்தான் இருக்கும், முதல் நாலு வாரம். அப்புறம் கணக்கைப் பாருங்கள். டர்னுக்கு ஒரு தடவை அடிப்பவருக்கு 1 விழ வாய்ப்பு 5 சதவீதம். பதினோராம் லெவல் ஃபைட்டர் மூன்று தடவை அடிப்பார், அவருக்கு 14 சதவீதத்துக்கு மேல். இருபதாம் லெவலில் நான்கு தடவை, 18.5 சதவீதம். வாள்வித்தையில் உச்சம் தொட்டவர் கற்றுக்குட்டியைப் போல மூன்று மடங்குக்கும் மேலாக வாளை நழுவ விடுகிறார்! ஃபயர்பால் போடும் விசார்ட் அடி படுமா என்று பகடையே உருட்டுவதில்லை, அவருக்குப் பூஜ்யம். ஏற்கெனவே மந்திரக்காரர் மிஞ்சுகிறார் என்று புலம்பும் மேசையில் இந்த விதியும் இருந்தால், அதை அடித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கிரிட்டிகலைப் பெரிதாக்குவதிலும் இதே சிக்கல். பகடையை இரட்டிப்பாக்கி உருட்டுவதற்குப் பதில், முதல் பகடைகளை உச்சமாகவே எடுத்துக்கொள்வது பல மேசைகளில் பழக்கம். இரண்டு ஆறு முகப் பகடை ஆயுதத்துக்குச் சராசரி 14 என்பது 19 ஆகும். ஆட்டக்காரர்கள் கைதட்டுவார்கள். ஆனால் ஒரு மான்ஸ்டர் வாழ்க்கையில் ஒரு சண்டைதான் பார்க்கும். பாத்திரம் நூறு சண்டை பார்க்கும். எதிரிகளின் கிரிட்டிகல் எல்லாம் வந்து சேருவது அந்த ஐந்து பேரிடம்தான்.

அறிகுறி: எல்லோருக்கும் எப்போதும் அட்வான்டேஜ்

ஃபிளாங்கிங் என்ற விருப்ப விதியைப் போட்டிருப்பீர்கள். எதிரியின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒருவர் நின்றால் அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது). பாதிக்குப் பாதி படும் அடியை அது 75 சதவீதமாக்கும், கிரிட்டிகலை 5லிருந்து 9.75 ஆக்கும். நின்றதற்கே இவ்வளவு பரிசு! பார்பேரியன் என்ற முரட்டு வீரர் தன் பாதுகாப்பை விட்டுக்கொடுத்து ரெக்லெஸ் அட்டாக்கில் வாங்குவதும் இதே அட்வான்டேஜ்தான். இங்கே அது சும்மா கிடைக்கிறது, அட்வான்டேஜ் ஒன்றின் மேல் ஒன்று சேராது என்பதால் அவர் திறமை வீண். எதிரியும் நாமும் மாறி மாறி வரிசை கட்டி நிற்கும் வேடிக்கை வேறு. விதியை எடுத்துவிடுங்கள். மனம் வரவில்லையென்றால் வெறும் +2 கொடுங்கள், 50 என்பது 60 ஆகும், போதும்.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பை ஆடுகிறவர்கள் அங்கே +2ஐ இப்படி அள்ளி வீச வேண்டாம். இலக்கை 10 தாண்டினாலே கிரிட்டிகல் என்பதால், அங்கே ஒவ்வொரு +1உம் பெரும்பாலும் அடி படும் வாய்ப்பையும் கிரிட்டிகல் வாய்ப்பையும் ஒன்றாக ஏற்றும். அந்த விளையாட்டின் சண்டைக் கணக்கு மிக நெருக்கமாகத் தைத்த சட்டை. நான் அதில் இதுவரை ஒரு தையலையும் பிரித்ததில்லை.

அறிகுறி: ஒரே ஒருவர் மற்ற எல்லோரையும் மிஞ்சுகிறார்

விதியைப் புரிந்துகொண்டு ஆடுவது குற்றமில்லை. 2014இன் கிரேட் வெபன் மாஸ்டர் என்ற கூடுதல் திறமை, அடிக்கும் எண்ணில் 5ஐ விட்டுக்கொடுத்தால் டேமேஜில் 10 தரும். அதை எடுத்தவரும் எடுக்காதவரும் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 2024இல் அந்தப் பேரத்தையே எடுத்துவிட்டு, டேமேஜில் புரொஃபிஷியன்சி (தேர்ச்சி) எண்ணைக் கூட்டுவதோடு நிறுத்தினார்கள். பழைய புத்தகத்தில் ஆடுகிறவர்கள் அந்தப் புது வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மற்றபடி, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள். ஒருவருடைய பாத்திரத்துக்காக எல்லோருக்கும் விதி எழுதாமல், அவரிடம் தனியாகப் பேசுங்கள். பின்தங்கியவருக்கு அடுத்த புதையலில் ஒரு நல்ல மந்திர வாளைக் கண்ணில் காட்டுங்கள்.

அறிகுறி: முதல் லெவலிலேயே மொத்தக் கூட்டமும் காலி

முதல் லெவல்காரர்கள் நான்கு பேருக்கு எதிராக நான்கு காப்ளின். 200 எக்ஸ்.பி., இரண்டால் பெருக்கினால் 400. கையேட்டுக் கணக்கில் அது ‘டெட்லி’ எல்லை. தொடக்கக்காரர்களுக்கு இதைவிடச் சாதாரணமான சண்டை ஒன்று யாருக்கும் தோன்றாது, அதுதான் கொடுமை. 8 ஹெச்.பி. வைத்திருக்கும் விசார்டுக்கு ஓகரின் ஒரு சராசரி அடியே 13. முதல் இரண்டு லெவலில் எண்கள் இவ்வளவு சிறியவை என்பதால் எந்த விதி போட்டாலும் பகடைதான் ராஜா. மூன்றாம் லெவலில் ஆரம்பியுங்கள். அல்லது முதல் இரண்டு லெவலை ஆளுக்கு ஒரு எதிரிக்கும் குறைவாக வைத்துச் சீக்கிரம் தாண்டுங்கள்.

திரைக்குப் பின்னால் பகடையை மாற்றிச் சொல்லலாமா என்று கேட்பார்கள். நான் நிறுத்திவிட்டேன். ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டார்கள், அதன் பிறகு உண்மையாகவே தப்பித்த சண்டையைக்கூட நம்பவில்லை.

அறிகுறியே இல்லாத அறிகுறி

1981இல் வந்த கால் ஆஃப் துலு என்ற திகில் விளையாட்டில் ஒரு துப்பறிவாளர் பூதத்தோடு கைகலந்து செத்தால், விதி பழுதில்லை. அங்கே சண்டைக்குப் போனதே தப்பு. பழைய பாணி நிலவறை ஆட்டங்களிலும் அப்படித்தான், சமமான சண்டை என்பது திட்டமிடாமல் போனவருக்குக் கிடைக்கும் தண்டனை. இவற்றில் சமநிலை தேடி ஹவுஸ் ரூல் எழுதுகிறவர், உண்மையில் வேறு விளையாட்டை ஆட ஆசைப்படுகிறார். அதை ஆடலாமே.

கடைசியில் விதி எழுதியே ஆக வேண்டுமென்றால்

ஒரு நேரத்தில் ஒன்று. இரண்டைச் சேர்த்துப் போட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. விதிக்கு மேலே அது எந்த அறிகுறிக்கு என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் அது கோபத்தில் வந்த விதி. மான்ஸ்டருக்கும் பொருந்துமா என்று பாருங்கள். அமர்வு தொடங்கும் முன் சொல்லுங்கள், சண்டை நடுவில் வேண்டாம். மூன்று அமர்வுக்கு என்று கெடு வைத்து, கெடு முடிந்ததும் எல்லோரையும் கேளுங்கள். யாருக்கும் அது ஞாபகமே இல்லையென்றால் அடித்துவிடலாம்.

என் நோட்டில் இப்போது மூன்று மிச்சம். ஊரில் மட்டும் நீண்ட ஓய்வு. இரண்டாவது தடவை விழுந்தால் எக்ஸாஷன். மருந்துக் குப்பியைப் போனஸ் ஆக்‌ஷனில் குடிக்கலாம் என்பது மூன்றாவது. 2024 புத்தகத்தில் அதுவே சட்டமாகிவிட்டதால், புதுப் புத்தகத்துக்கு மாறும் அன்றைக்கு அதையும் அடித்துவிடுவேன். வாள் பறக்கும் விதியின் மேல் ஏற்கெனவே ஒரு கோடு இருக்கிறது. அது என் கோடு இல்லை. நான் எழுந்து போயிருந்த நேரம் பார்த்து எங்கள் ஃபைட்டர் போட்டது.